கிராம் பார்சன்ஸின் 'ஜிபி' ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அமெரிக்கப் பாடகர் பார்சன்ஸின் குரல் இந்த ஆல்பத்தில் பல இடங்களில் தடுமாறுகிறது, வெளிவந்த காலத்தில் விற்பனையும் இல்லை, பிறகு எதற்கு இந்தப் புகழ் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தடுமாற்றத்தை மூடி மறைக்காமல் விட்டதும், அதைத் தாங்கிப் பிடிக்கக் கைதேர்ந்த வாத்தியக் கலைஞர்களைச் சுற்றிலும் அமர்த்திக்கொண்டதும்தான் இந்த ஆல்பத்தின் சிறப்பு என்பது என் கருத்து.

1946-ல் புளோரிடாவில் பிறந்து ஜார்ஜியாவில் வளர்ந்த பார்சன்ஸ், 1968-ல் பேர்ட்ஸ் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' ஆல்பத்திலும், அடுத்த ஆண்டு ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும் கன்ட்ரி இசையை (அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேரூன்றிய இசை வகை) ராக் ரசிகர்களிடம் கொண்டுசேர்க்க முயன்றவர். நீண்ட முடி வளர்த்த இளைஞர்களும் பழைய கன்ட்ரி ரசிகர்களும் ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. 1973 ஜனவரியில் ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஜிபி'தான் அவர் பெயரில் வந்த முதல் தனி ஆல்பம். கன்ட்ரி உலகின் பெரும்புள்ளியான மெர்ல் ஹாகர்டைத் தயாரிப்பாளராக்க வேண்டுமென்ற ஆசை கைகூடாமல் போகவே, பார்சன்ஸும் இசைக்கலைஞர் ரிக் கிரெச்சும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். மேடையில் எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்துவந்த ஜேம்ஸ் பர்ட்டன் (கிடார்), கிளென் டி. ஹார்டின் (பியானோ), ரானி டட் (டிரம்ஸ்) ஆகிய மூவரும் இதில் வாசித்திருக்கிறார்கள். இவர்களில் எவரும் தம் திறமையைக் காட்டுவதற்காக ஓர் இடத்தில்கூட முந்திக்கொண்டு வருவதில்லை. பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

'ஷி' என்ற பாடலைக் கேளுங்கள். முன்பு அவருடன் புரிட்டோ பிரதர்ஸில் இருந்த கிறிஸ் எத்ரிட்ஜுடன் சேர்ந்து எழுதியது. அமெரிக்கத் தென்பகுதியில் பருத்தி விளையும் டெல்டா மண்ணில் வெயிலில் பாடுபடும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, அவள் எப்படிப் பாடுவாள் தெரியுமா என்ற இடத்துக்கு வரும்போது பார்சன்ஸின் குரல் மேலே ஏறத் திணறி, கிட்டத்தட்ட உடைந்தேபோகிறது. சுருதி சுத்தமாகப் பாடும் ஒருவர் அந்த வரியை அழகாகக் கடந்து போயிருப்பார். ஆனால் அவள் பாட்டு இவரை எந்த அளவுக்கு உலுக்கியது என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது, பார்சன்ஸுடன் சேர்ந்து பாடும் எம்மிலூ ஹாரிஸ். வாஷிங்டன் வட்டாரத்தின் சிறு மேடைகளில் ஃபோக் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த அவரைப் பற்றிப் பார்சன்ஸிடம் எடுத்துச் சொன்னவர், பேர்ட்ஸிலும் புரிட்டோ பிரதர்ஸிலும் அவருடன் இருந்த கிறிஸ் ஹில்மன். 'வீ'ல் ஸ்வீப் அவுட் தி ஆஷஸ் இன் தி மார்னிங்' என்ற ஜோடிப் பாடலில், கூடாத உறவில் இருக்கும் இருவர் விடிந்தால் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதாகத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார்கள். பார்சன்ஸின் குரல் தளரும் இடங்களில் எம்மிலூவின் குரல் தெளிவாக மேலே நின்று அதைத் தூக்கிக்கொள்கிறது. கன்ட்ரி இசையைப் பார்சன்ஸிடமிருந்து கற்றுக்கொண்ட இந்தப் பாடகிதான் பின்னாளில் அவர் பாடல்களை உலகமெங்கும் கொண்டுசென்றார்.

பிறர் பாடலைத் தனதாக்கிக்கொள்வதிலும் பார்சன்ஸ் வல்லவர். பாபி பேர் 1966-லேயே பாடிப் புகழ்பெற்ற 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பால்டிமோர்' அதற்குச் சான்று. மனைவியின் ஆசைக்காக டென்னசியில் இருந்த பண்ணையை விற்று, நகரத்துக்கு வந்து, ஆலை வேலையில் சேர்ந்த ஒருவன், கடைசியில் அவளை அந்த நகரத் தெருக்களிலேயே விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறுகிறான். இதைப் பாடும்போது பார்சன்ஸ் அவளைக் குற்றம் சாட்டுவதே இல்லை. நடந்ததை நடந்தபடி, ஏறக்குறைய மரத்துப்போன குரலில் சொல்லிவிட்டுப் போகிறார்.

எல்லாமே உயர்வு என்று சொல்ல மாட்டேன். பார்சன்ஸுக்குப் பதிலாகப் பேரி டாஷியன் என்ற பாடகர் முன்னின்று பாடும் 'கிரை ஒன் மோர் டைம்' இந்தத் தொகுப்போடு ஒட்டவில்லை; இறுதிப் பாடலான 'பிக் மவுத் புளூஸ்' வேறொரு கச்சேரியிலிருந்து வந்ததுபோல ஒலிக்கிறது.

ஆல்பம் வெளிவந்த அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று, தமது 26-வது வயதில் பார்சன்ஸ் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ என்ற ஊரில் இறந்துபோனார். அவர் முடித்துவைத்திருந்த அடுத்த ஆல்பமான 'கிரீவஸ் ஏஞ்சல்' 1974-ல் வந்தது. இரண்டையும் ஒரே குறுந்தட்டில் சேர்த்தும் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் கேட்பதானால், 'ஜிபி'யின் பதினொரு பாடல்களோடு முதல் நாள் நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஷி', 'எ சாங் ஃபார் யூ' ஆகிய இரண்டை மட்டும் ஹெட்போனில் இன்னொரு முறை கேட்டுவிட்டு, பிறகு அடுத்த ஆல்பத்துக்குப் போகலாம்.