நான்கு வாள், ஐந்து திரை: கேம்கியூப் செல்டா கேள்வி பதில்

"ஃபோர் ஸ்வோர்ட்ஸ் அட்வென்சர்ஸ்" பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில். புதிதாக வருபவர்களுக்கு: இது 2004இல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு (டிவியில் இணைத்து ஆடும் கருவி) வந்த செல்டா தொடர் விளையாட்டு. நாயகன் லிங்க் இதில் நால்வராக இருப்பான். பலர் சேர்ந்து ஆடினால் கேபிளில் இணைத்த ஆளுக்கொரு கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிதான் கன்ட்ரோலர்.

கேள்வி: சாதாரண கன்ட்ரோலரே போதாதா? விற்பனைக்காகச் செய்த வேலையா இது?

பதில்: தனியாக ஆடினால் சாதாரண கன்ட்ரோலரே போதும். கைக்கருவித் திரையில் தெரிய வேண்டியது டிவியிலேயே சின்னப் பெட்டியாகத் திறக்கும். விற்பனைக் கணக்கு இருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருவர் சேர்ந்துவிட்டாலே அந்தக் குட்டித் திரை ஏன் இருக்கிறது என்று புரிந்துவிடும். நீங்கள் ஒரு குகைக்குள் நுழைந்ததும் டிவியிலிருந்து மறைந்து உங்கள் கையிலுள்ள திரைக்கு வந்துவிடுவீர்கள். உள்ளே புதையல் கிடைத்ததா, எதிரியிடம் மாட்டிக்கொண்டீர்களா என்பது நீங்கள் வாயைத் திறந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். பலர் வாயைத் திறப்பதில்லை! மூன் கேட் வழியாக இருள் உலகத்துக்குப் போகும்போதும் இதே கதைதான். கட்டத்தின் இறுதித் தடையைத் தாண்ட ஃபோர்ஸ் ஜெம் என்ற கற்கள் 2,000 வேண்டும். எல்லோரும் சேர்ந்து எடுப்பதுதான் அந்தக் கணக்கில் சேரும், ஆனால் யார் எவ்வளவு எடுத்தார் என்றும் தனியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றாக வாழவும் வேண்டும், முந்தவும் வேண்டும். இந்த இழுபறிதான் விளையாட்டின் உயிர். கன்ட்ரோலரும் ஒரே திரையும் இருந்தால் அது பாதியாகிவிடும்.

கேள்வி: இரண்டு பேர்தான் இருக்கிறோம். மீதி இரண்டு லிங்க் எங்கே போவார்கள்?

பதில்: எங்கும் போக மாட்டார்கள். பச்சை, சிவப்பு, நீலம், ஊதா என நால்வரும் எப்போதும் இருப்பார்கள், ஆளுக்கு இருவராக நடத்துவீர்கள். நால்வர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும் கட்டைகளும் உண்டு.

கேள்வி: கேபிளைச் செருகினேன், கைக்கருவித் திரையில் என் பழைய விளையாட்டுதான் திறக்கிறது. கேபிள் போயிடுச்சா?

பதில்: கேபிள் நன்றாகத்தான் இருக்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். தேவையான நிரலைக் கேம்கியூபே கேபிள் வழியாக அனுப்பிவிடும். கழற்றச் சோம்பலாக இருந்தால் ஸ்டார்ட், செலக்ட் இரண்டையும் அழுத்தியபடியே ஆன் செய்யுங்கள். கேபிளில் ஒருமுனை கேம்கியூப் கன்ட்ரோலர் துளைக்கு, மறுமுனை கைக்கருவியின் லிங்க் கேபிள் துளைக்கு. ஆளுக்கொரு கேபிள் வேண்டும்.

கேள்வி: நின்டெண்டோவின் அடுத்த கைக்கருவியான டிஎஸ் வைத்து ஆடலாமா? கேம்கியூபுக்கு அடுத்து வந்த வீயில் ஓடுமா?

பதில்: டிஎஸ்ஸில் லிங்க் கேபிள் துளையே கிடையாது, அதனால் முடியாது. கேம் பாய் அட்வான்ஸின் மடக்கு மாடலான எஸ்பி தாராளமாக வேலை செய்யும். வீயைப் பொறுத்தவரை, மேலே கேம்கியூப் துளைகள் உள்ள பழைய மாடலாக இருந்தால் சரி. சேமிக்க கேம்கியூப் மெமரி கார்டும் தேவை.

கேள்வி: என் தம்பி என்னைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துகொண்டே இருக்கிறான். தடுக்க வழி?

பதில்: விளையாட்டில் வழியில்லை, அது அனுமதித்த அட்டூழியம்தான். கட்டம் முடிந்ததும் யார் உதவினார், யார் தொல்லை கொடுத்தார் என்று ஓட்டெடுப்பு வரும். அங்கே பழி தீர்த்துக்கொள்ளுங்கள். போதாதா? ஷேடோ பேட்டில் என்று தனிப் பிரிவே இருக்கிறது, அதில் நேருக்கு நேர் அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இத்தனை கருவி சேர்க்க வசதியில்லை. கணினியில்?

பதில்: கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில், கேம் பாய் அட்வான்ஸுக்கான எமுலேட்டரான எம்ஜிபிஏ 2021 முதல் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. ஒவ்வொருவருடைய கைக்கருவித் திரையும் தனி ஜன்னலாகத் திறக்கும். கேம் பாய் அட்வான்ஸின் பயாஸ் (கருவியைத் தொடங்கி வைக்கும் நிரல்) கோப்பை நீங்கள்தான் உங்கள் கருவியிலிருந்து எடுத்துத் தர வேண்டும். ஒரே குறை, எல்லா ஜன்னலும் ஒரே மானிட்டரில் இருந்தால் ரகசியம் காணாமல் போய்விடும். இரண்டாவது மானிட்டரை யாரிடமாவது கேட்டு வாங்கி, எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.