திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வு எழுத பி.எம்.ஐ. உறுப்பினராக இருப்பது கட்டாயமா?

கட்டாயமில்லை. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்னும் திட்ட மேலாண்மை நிறுவனத்தில் ஆண்டுச் சந்தா செலுத்தும் எவரும் உறுப்பினராகலாம். அதற்குப் பணி அனுபவமோ தேர்வோ தேவையில்லை. பி.எம்.பி. சான்றிதழ் வேறு வகை. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்டிய பிறகே அத்தேர்வை எழுத முடியும். ஆகவே, தன்குறிப்பில் உறுப்பினர் என்று மட்டும் எழுதுவது, என் பார்வையில், திறமைக்குச் சான்றாகாது.

ஆயினும், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே உறுப்பினராகிவிடுவது பெரும்பாலும் சிக்கனமானது. ஏனெனில் உறுப்பினர்களுக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு என்பதோடு, பி.எம்.பி. படிப்போர் பலரும் நாடும் பிம்பாக் வழிகாட்டி நூலின் மின்பதிப்பும் அவர்களுக்குத் தனிக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதலில் பணம் கட்டிவிட்டுப் பின்னர் சேர்ந்தால் அந்தக் கட்டணச் சலுகை கைநழுவிவிடும்.

சென்னைக் கிளை போன்ற உள்ளூர்க் கிளைகளுக்குத் தனிச் சந்தா உண்டு. சான்றிதழைத் தக்கவைக்க மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 60 பி.டி.யூ. என்னும் தொழில்சார் வளர்ச்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டியிருப்பதால், அவற்றைப் பெறக் கிளைக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்ல எண்ணுபவருக்கே அந்தச் செலவு பொருந்தும். மற்றவர்கள் இணையவழி உரைகளிலேயே புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.