பீரியட்ஸ் நிக்குற வயசும் வேலை இடமும்: சிஸ்டரிட்ட கேளுங்க

மட்டக்களப்புல வார்ட் வார்ட்டா 30 வருசம் நிண்டு ரிட்டயர் ஆன நேர்ஸ் நான். வந்த கேள்வியளுக்கு தெரிஞ்சதச் சொல்றன்.

கேள்வி (கல்முனை, 48 வயசு): சிஸ்டர், கணக்குப் பகுதியில 22 வருசம் இரிக்கன். போன கிழமை ஓடிட் சேருக்கு முன்னால வவுச்சர் எண்ட சொல் வாயில வரல்ல, "அந்தத் துண்டு" எண்டு கையக் காட்டினன். இவ்வளவு நாளும் எல்லாரையும் ஏமாத்தித்தான் இரிந்திரிக்கன், இப்ப பிடிபடப்போறன் எண்டு பயம். புறமோசன் போமையும் லாச்சிக்குள்ள போட்டுட்டன்.

பதில்: தங்கச்சி, போனது வவுச்சர் எண்ட சொல்லுதான், வவுச்சர்ல பிழை பிடிக்கிற கண் போகல்லியே. 45 தாண்டினா ஈஸ்ட்ரஜன் எண்ட பொம்பிளை ஹோர்மோன் ஏறி இறங்கும், ராவுல வேர்த்து நித்திரை முறியும், நித்திரை இல்லாட்டி ஆருக்குத்தான் சொல் வரும், கனபேருக்கு பீரியட்ஸ் நிண்டு கொஞ்சக் காலத்துல இது தெளிஞ்சிரும். எனக்கும் வந்ததுதான். டியூட்டி மாத்தக்குள்ள 7ம் கட்டில் அம்மாட பேர் மறந்து போய், அடுத்த நாள் உள்ளங்கையில பேனையால எழுதிட்டு நிண்டா வேர்வையில அதுவும் அழிஞ்சி போச்சி. மறுகா பொக்கட்டுல சின்னக் கொப்பி. இந்த ஏமாத்துறன் எண்ட நினைப்புக்கு 1978ல அமெரிக்காவில க்ளான்ஸ், ஐம்ஸ் எண்டு ரெண்டு மனோதத்துவப் பொம்பிளையள் இம்போஸ்டர், அதாவது ஏமாத்துக்காரர் எண்டு பேர் வெச்சாங்க, அவங்க பாத்ததும் வேலை நல்லாத் தெரிஞ்ச பொம்பிளையளத்தான். போம வெளிய எடுங்க.

கேள்வி (காத்தான்குடி, ரீச்சர்): பாடம் நடத்தக்குள்ள நெஞ்சில இருந்து மூஞ்சிக்கு நெருப்பு ஏறுது, பிள்ளையள் சிரிக்குதுகள்.

பதில்: கொஞ்ச நிமிசத்துல இறங்கிரும். மேசைய பேனுக்குக் கீழ இழுங்க. "வெக்கையா இரிக்கு, ஜன்னலத் திறங்க" எண்டு நீங்களே சொல்லுங்க, ஒளிச்சாத்தான் அதுகளுக்குச் சிரிப்பு.

கேள்வி (அக்கரைப்பற்று): எல்லாம் வயசுதான் எண்டு விட்டுறலாமா?

பதில்: விடாதீங்க. தைரொயிட்டும் இரத்தம் குறைவும் இதே களைப்பத்தான், இதே மறதியத்தான் தரும், பிளட் டெஸ்ட்ல தெரியும். எம்ஓஎச் எண்ட சுகாதார வைத்திய அதிகாரிட ஒபிஸ்ல வெல் வுமன் கிளினிக் இரிக்கு, 35, 45 வயசுக்காரருக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பாக்குற பாப் டெஸ்ட், பிறஷர், சுகர் எல்லாம் பாப்பாங்க. ஒண்டு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க, பீரியட்ஸ் ஒரு வருசம் முழுக்க நிண்ட பிறகு திரும்ப இரத்தம் பட்டா உடனே டொக்டரிட்ட போகணும். ஹோர்மோன் குளிசையும் அவர் சொன்னாத்தான், பக்கத்து வீட்டு அக்கா தந்தாவெண்டு போடாதீங்க.

கேள்வி (செங்கலடி, ஆண்): எங்கட செக்சன்ல ஒரு அக்கா இப்பிடிக் கஸ்டப்படுறா, என்னெண்டு கேக்குறது?

பதில்: கேக்காதீங்க தம்பி. ஏசி பக்கம் கதிரைய மாத்திக் குடுங்க, மீட்டிங் பேப்பர முதல் நாளே மேசையில வெச்சிருங்க.