அப்பாவின் கையெழுத்தை யார் போட்டது?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறோம். கணவர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். விடியற்காலையில் போனால் இரவுதான் வருவார். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பங்க்சர் ஒட்டும் சொல்யூஷனைக் கைக்குட்டையில் ஊற்றி முகர்கிறான் என்று பள்ளியின் மனநல ஆலோசகர் எழுதி, பெற்றோர் இருவரும் வரவேண்டும் என்று கேட்டிருந்தார். இப்படி இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. கணவருக்குத் தெரிந்தால் பையனைத் தோலை உரித்துவிடுவார் என்று பயந்து, தையல் மிஷின் மேல் வைத்து நானே அவர் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைக்க வேண்டும் என்று மகன்தான் சொன்னான். போதைப் பழக்கம் பற்றிப் பள்ளியில் மாதந்தோறும் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் நான் போவதில்லை. அவனோடு சேர்ந்து முகரும் நண்பனின் அம்மா அடுத்த தெருவில்தான் இருக்கிறார், அவரும் போவதில்லை. மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியே தெரியாமல் இவனைத் திருத்த வழி சொல்லுங்கள். திருப்பத்தூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

மகன் நல்லவன், சேர்க்கைதான் சரியில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்தைப் பற்றி எழுதியது இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, அப்பாவின் கையெழுத்துக்கு அடியில் எத்தனை புள்ளி என்பது எப்படித் தெரிந்தது என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா? பல வருடங்களாக அவரோடு வாழும் உங்களுக்கே நினைவில்லாத ஒன்றை அவன் தயங்காமல் சொல்கிறான் என்றால், அவன் அதை எங்கோ போட்டுப் பழகியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதிப்பெண் அட்டையிலா, விடுப்புக் கடிதத்திலா, உங்கள் கைக்கு வந்து சேராத வேறொரு கடிதத்திலா என்பது பள்ளிக்குப் போனால்தான் தெரியும். உங்களுக்குத் தெரிந்தவை இரண்டு கடிதங்கள். வந்தவை இரண்டுதானா என்று போய்க் கேளுங்கள்.

அதைவிட என்னை வருத்தியது, அன்று அந்தத் தையல் மிஷின் அருகே நடந்தது. நீங்கள் பேனாவைப் பிடித்திருக்கிறீர்கள், அவன் உங்கள் தோள் பக்கம் நின்று கோடு இப்படி, புள்ளி அப்படி என்று சொல்லிக்கொடுக்கிறான். அந்தச் சில நிமிடங்கள் நீங்கள் அவனுக்குத் தாயாக இல்லை, கூட்டாளியாக இருந்தீர்கள். அடி வாங்காமல் தப்பியதில் அவனுக்கும் நிம்மதி, வீட்டில் சண்டை வராததில் உங்களுக்கும் நிம்மதி. ஆனால் நாளைக்கே, ‘என்னால் இதை விட முடியவில்லை, பயமாக இருக்கிறது’ என்று சொல்ல அவன் மனம் தவித்தால், யாரிடம் போய்ச் சொல்வான்? அப்பாவிடம் போகும் வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள், பள்ளியின் வழியையும் அடைத்தீர்கள். மிஞ்சியிருக்கும் நீங்களோ அவனோடு சேர்ந்து மறைக்கிறவர். இதைப் பாசம் என்று சொல்லாதீர்கள்.

‘தோலை உரித்துவிடுவார்’ என்ற சொற்றொடர் இல்லாமல் இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததாக நினைவில்லை. உங்கள் கணவர் கோபக்காரராக இருக்கலாம். ஆனால் விடியுமுன் எழுந்து போய் லேத்தின் முன் நின்று உழைக்கிற மனிதர், தன் பிள்ளை ஆபத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ளக்கூடத் தகுதியில்லாதவர் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? பிள்ளையின் மதிப்பெண்ணில் தகப்பனுக்குப் பங்கு உண்டென்றால் பிள்ளையின் நோயிலும் பங்கு உண்டு. சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால் அது அவருடைய தவறு. அந்த நினைப்பை இத்தனை காலம் கட்டிக்காத்தது உங்களுடைய தவறு.

அவர் உண்மையாகவே கைநீட்டக்கூடியவர் என்றால் அதற்கும் வழி உண்டு. நீங்கள் மகனைத் திருப்பத்தூருக்கு அனுப்பக் கேட்கிறீர்கள்; நான் உங்கள் அண்ணனைப் பெங்களூருக்கு வரச்சொல்கிறேன். மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் முறை தாய்மாமனுக்கு எதற்காக வந்தது? இந்த மாதிரி நாளுக்காகத்தான். பையன் வீட்டில் இல்லாத நேரத்தில், அண்ணனையும் வைத்துக்கொண்டு, கையெழுத்தில் தொடங்கி எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லுங்கள். உங்கள் தவறை முதலில் சொன்னால் அவருடைய கோபத்தின் பாதி உங்கள் மேல் விழும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், அது நியாயமான கோபம். ஆனால் வாய்வார்த்தையோடு அது நிற்க வேண்டும். உங்கள் மேலோ பிள்ளை மேலோ கை ஓங்கினால் தடுப்பது உங்கள் அண்ணனின் பொறுப்பு. பையனை ஊருக்கு அனுப்பிவைத்தால் அங்கேயும் பங்க்சர் கடை இருக்கும். இங்கே அவனைக் கவனித்து இரண்டு முறை கடிதம் எழுதிய அந்த ஆலோசகர் அங்கே இருக்க மாட்டார்.

இனி அந்தக் கைக்குட்டை. இதைச் சாராயத்தைவிடச் சிறிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக நாடு முழுவதும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் போதைப் பொருள்களிலெல்லாம் பெரியவர்களின் விகிதமே கூடுதலாக இருக்க, முகர்ந்து இழுக்கும் பொருள்களில் மட்டும் அது தலைகீழாக இருந்தது: 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். மலிவாகக் கிடைக்கிறது, கடைக்காரர் கேள்வி கேட்பதில்லை, பள்ளிப் பையில் இருந்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. சொல்யூஷனிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். தொடர்ந்து முகர்ந்தால் நினைவாற்றலும் கவனமும் குறையும், நடை தள்ளாடும். மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் சிவந்து வெடித்திருக்கிறதா, துவைக்கப் போடும் கைக்குட்டை விறைத்து மொடமொடவென்று இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை நாள் அந்தக் கைக்குட்டையைத் துவைத்தது நீங்கள்தானே?

இதில் ஒன்றை உங்கள் கணவருக்கும் கட்டாயம் சொல்ல வேண்டும். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரென்று அதட்டுவதும், அடிக்க ஓங்குவதும், துரத்துவதும் உயிருக்கே ஆபத்து. அந்த ஆவி இதயத்தின் துடிப்பை நிலைகுலையச் செய்திருக்கும். அந்த நேரத்தில் பயமோ ஓட்டமோ சேர்ந்தால் இதயம் நின்றுபோகலாம், முதல்முறை முகர்கிற பிள்ளைக்கும் இது நேரலாம். கண்ணில் பட்டால் குரலைத் தாழ்த்தி, கையில் இருப்பதை வாங்கி வைத்துவிட்டு, சன்னலைத் திறந்து, காற்றுப் படும்படி உட்காரவையுங்கள். பக்கத்தில் அடுப்போ தீக்குச்சியோ இருக்கக்கூடாது. மயங்கிவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

வெளியே தெரியாமல் திருத்த வழி கேட்டீர்கள். நாட்டின் பல ஊர்களிலிருந்து ரயிலேறி வந்து மக்கள் காத்திருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, நீங்கள் இருக்கும் அதே ஊரில், ஓசூர் சாலையில் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கென்றே அங்கே தனி மையம் உண்டு. குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்குத் தனித் துறை உண்டு. முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்; 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த இலவச மனநலச் சேவையில் தமிழிலும் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டியது மருத்துவர்களின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் குறைகளும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் போக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. அவனோடு பேசுவதும், வீட்டாரோடு பேசுவதும், அவன் எதை மறக்க முகர்கிறான் என்று கண்டுபிடிப்பதும்தான் சிகிச்சை. மனச்சோர்வோ, வகுப்பில் பட்ட அவமானமோ, பாடம் புரியாத பயமோ உள்ளே இருந்தால் அதை யாராவது கேட்க வேண்டும். உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், அவன் ஏன் முகர்கிறான் என்று அவனிடம் நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

மூத்த மகளின் வரனைச் சொல்லித் தம்பியின் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேளுங்கள். தம்பியைக் காட்டிலும் கல்யாணம்தான் முக்கியம் என்று அவள் சொல்வாளா என்று பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணவரிடம் சொன்ன அன்றே மகனிடமும், ‘அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நான் போட்ட கையெழுத்தையும் சொன்னேன், அது தப்பு’ என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கணவர் அரை நாள் விடுப்பு எடுக்கட்டும். இருவரும் ஆலோசகரிடம் போய், அந்த இரண்டு கையெழுத்துகளும் தான் போட்டவை இல்லை என்று கணவர் தன் வாயாலேயே சொல்லட்டும். ஆலோசகர் முகம் சுளித்தாலும் அந்த அறையை விட்டு எழுந்து வராதீர்கள். அடுத்த சந்திப்பு என்றைக்கு என்று தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பள்ளியில் நடக்கும் மாதக் கூட்டத்துக்கும் போக வேண்டும். அடுத்த தெருவில் இருக்கும் அந்த அம்மாவும் தன் வீட்டில் இதே போல ஒரு கடிதத்தை ஒளித்து வைத்திருக்கலாம். உங்கள் மகனும் அவர் மகனும் சேர்ந்துதான் ஒரே கைக்குட்டையை முகர்கிறார்கள். நீங்கள் இருவரும் கடையில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறீர்கள். ஒரு பிள்ளையை மட்டும் மீட்டு, மற்றவனை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டால் உங்கள் மகன் மாலையில் யாரோடு விளையாடப் போவான்? கூட்டத்துக்குக் கிளம்பும் நாளன்று கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டு, அவர் வீட்டு வாசலில் நின்று, ‘என் பையனுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது, வாருங்கள், சேர்ந்தே போவோம்’ என்று கூப்பிடுங்கள்.