வேர்டில் செய்த படிவம், நிரப்பும்போது ஏன் கலைகிறது?

விடுப்புப் படிவம் செய்யச் சொன்னார்கள், யார் நிரப்பினாலும் கோடுகள் நகர்ந்துவிடுகின்றன என்கிறீர்கள். அடிக்கோடு தட்டி இடம் விட்டால் அப்படித்தான் ஆகும்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போய் டெவலப்பர் என்பதை டிக் செய்யுங்கள். மேலே டெவலப்பர் என்ற புதிய டேப் வரும்; எழுத்துப் பெட்டி, தேதி, தேர்வுப் பட்டியல், டிக் பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டு, இடப்பக்கம் கேள்வியையும் வலப்பக்கம் இவற்றையும் வையுங்கள். துறையின் பெயருக்குப் பட்டியலே நல்லது. தட்டச்சு செய்ய விட்டால் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், பிறகு தொகுப்பவர் பாடு திண்டாட்டம்.

அப்புறம் அதே டெவலப்பர் டேபில் இருக்கும் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்கில் 'ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள். கடவுச்சொல் கட்டாயமில்லை. கோப்பை வேர்ட் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள்; டபுள் கிளிக் செய்தால் புதிய நகல்தான் திறக்கும், மூலப்படிவம் அப்படியே இருக்கும்.