அம்மப்பாவின் பழைய புகைப்படத்தில் உள்ள பரமேஸ்வராக் கல்லூரி எங்கே?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம்தான் அந்தக் கல்லூரி இருந்த இடம். படத்தின் பின்னால் ‘பரமேஸ்வராக் கல்லூரி, 1938’ என்று உங்கள் அம்மப்பா எழுதியதை நம்பலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பாடசாலை அது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அங்கேதான் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது.

மருதனார்மடத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அங்கே இருப்பது இராமநாதன் கல்லூரி. 1913இல் பெண்பிள்ளைகளுக்காக அவரே தொடங்கியது. இரண்டுக்கும் நிறுவனர் ஒருவர் என்பதால் உங்களுக்கு வழி சொன்னவர் மாற்றிச் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை படத்தையும் கொண்டு போங்கள். பல்கலைக்கழக வாசலில் காவலரிடம் சொல்லிவிட்டு, முதலில் வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயிலடியில் நின்று பாருங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பழைய கட்டடமாகப் படத்தோடு ஒப்பிடலாம். நிறத்தையும் கூரை ஓடுகளையும் பார்க்க வேண்டாம், அவை மாறியிருக்கும். தூண்களை எண்ணுங்கள், வளைவுகளின் வடிவத்தைப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் அதையும் கவனியுங்கள்: உள்ளே வெள்ளையாய்ப் பொடிபடும் சுண்ணாம்புச் சாந்து தெரிந்தால் பழைய சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து நீங்களாகச் சுரண்டிப் பார்க்காதீர்கள், அந்தச் சுவர்கள் நமக்கு மிஞ்சியிருக்கும் சொத்து.

ஒன்று மட்டும்: பழசாகத் தெரிவதெல்லாம் கல்லூரிக் காலத்தது அல்ல. 1974க்குப் பிறகு எழுந்தவையும், போருக்குப் பின் திருத்தியவையும் அங்கே கலந்து நிற்கின்றன.