டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் எடுத்தது வீணா?

"நண்பர்கள் எல்லாரும் வெப் பக்கம் போய்விட்டார்கள், நான் மட்டும் டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எடுத்து மாட்டிக்கொண்டேனோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைகள் வெப்பில்தான் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவ ஸ்கேன் கருவி, ஆலை இயந்திரம், ஆய்வகக் கருவி ஆகியவற்றின் திரைகளை இன்றும் டெஸ்க்டாப் நிரல்கள்தான் ஓட்டுகின்றன. முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான மாயாவின் முகப்பும், விண்டோஸ், லினக்ஸில் ஓடும் விஎல்சி வீடியோ ப்ளேயரின் முகப்பும் க்யூட்டியில் (Qt, டெஸ்க்டாப் திரைகள் எழுத உதவும் சி++ கருவித்தொகுப்பு) எழுதப்பட்டவை.

எனக்குக் கவலை வேறு. உங்கள் ப்ராஜெக்டில் பில், வருகைப்பதிவு, அறிக்கை என்று மூன்று விண்டோ இருக்கிறது. மூன்றிலும் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்ற பெட்டிகளைக் காப்பி அடித்து ஒட்டியிருக்கிறீர்கள். இன்டர்வியூவில் கோடைத் திறந்து காட்டச் சொன்னால் முதலில் கண்ணில் படுவது இதுதான். அதைத் தனி கம்போனென்டாக, அதாவது எந்த விண்டோவிலும் எடுத்து வைக்கக்கூடிய தனித் துண்டாக, பிரித்து எழுதுங்கள்.

பிரிப்பது சுலபம், எதை வெளியே காட்டுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அனுமதிக்கும் எல்லை: இவை ப்ராப்பர்ட்டிகள், அதாவது வெளியிலிருந்து மாற்றக்கூடிய மதிப்புகள். தேதி மாறினால் ஒரு சிக்னல், அதாவது "மாறிவிட்டது" என்று வெளியே சொல்லும் அறிவிப்பு. அவ்வளவு போதும். உள்ளே எந்த காலண்டர் விட்ஜெட் (திரையில் வைக்கும் தயார் பகுதி) இருக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். கம்போனென்டும் தன்னை வைத்திருக்கும் விண்டோ எது என்று தேடிப் போகக்கூடாது, டேட்டாபேஸைத் தொடவே கூடாது. தொட்டால் அது அந்த ஒரு விண்டோவுக்கு மட்டுமே உதவும்.

அடுத்த கேள்வியில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பயனர் தேதியை மாற்றினால் சிக்னல் போகட்டும், சரி. நிரலே தேதியை மாற்றினால்? க்யூட்டியின் லைன்எடிட்டில் (ஒரு வரி எழுதும் பெட்டி) இதற்காகவே இரண்டு சிக்னல்கள் உண்டு: டெக்ஸ்ட்சேஞ்ச்டு இரண்டு சமயத்திலும் வரும், டெக்ஸ்ட்எடிட்டட் பயனர் தட்டினால் மட்டும் வரும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டு கம்போனென்ட்களை ஒன்றோடொன்று இணைத்தால், ஒன்று மற்றதை மாற்ற, அது இதை மாற்ற, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். உங்கள் கம்போனென்ட் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, ஏன் என்று சொல்லத் தெரிந்தால் இன்டர்வியூவில் பத்து நிமிடம் நீங்கள்தான் பேசுவீர்கள்.

எல்லாவற்றையும் கம்போனென்ட் ஆக்கும் ஆசையும் வரும். ஒரே இடத்தில் பயன்படுவதைப் பிரிக்காதீர்கள். மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது பிரித்தால் போதும். இருபது ப்ராப்பர்ட்டி வைத்த கம்போனென்டை, எழுதியவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.

எழுதிய பிறகு வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். உங்களிடம் எதையும் கேட்காமல் அவர் தன் விண்டோவில் வைத்துவிட்டால் நன்றாக வந்திருக்கிறது. கேட்டால், அவர் கேட்டதைக் குறித்துக்கொண்டு பெயர்களை மாற்றுங்கள். அப்புறம் மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள், திரை அமைப்பில் எழுத்து, பெட்டிகளைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வையுங்கள். பாதி டெஸ்க்டாப் நிரல்கள் இங்கேதான் பல்லிளிக்கும்.

வெப் நண்பர்களைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. வெப் திரைகள் எழுதும் ரியாக்டில் ப்ராப்ஸ் (வெளியிலிருந்து தரும் மதிப்புகள்), கால்பேக் (மாற்றம் வந்தால் அழைக்கப்படும் ஃபங்ஷன்) என்று வருபவை நீங்கள் மேலே யோசித்த அதே கேள்விகள்தான். தரவைத் திரையிலிருந்து பிரிக்கும் எம்விசி (மாடல்-வியூ-கன்ட்ரோலர்) யோசனை 1979லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கணினி விஞ்ஞானி ட்ரிக்வே ரீன்ஸ்காக் முன்வைத்தது. ஜாவாவின் டெஸ்க்டாப் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் உள்ள ஜேடேபிள் (அட்டவணை) தன் தரவைத் தனி மாடலிடமிருந்து வாங்குவதும் அந்த வழியில்தான்.

ரெஸ்யூமேயில் "க்யூட்டி தெரியும்" என்று எழுதாதீர்கள். "மூன்று விண்டோவில் பயன்படும் தேதி வரம்பு கம்போனென்ட், விசைப்பலகையால் முழுதும் இயங்கும்" என்று எழுதுங்கள், கோடுக்கு லிங்க் கொடுங்கள். எந்தக் கருவி என்று குழம்ப வேண்டாம்: சி++ தெரிந்தால் க்யூட்டி, பைதான் என்றால் அதற்கான க்யூட்டி வடிவமான பைசைட், சி ஷார்ப் என்றால் மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப். ப்ராஜெக்ட் முடியும்வரை நடுவில் மாற்றாதீர்கள்.